இரண்டாம் மாதத்து ஆட்டுக்குட்டி

எனக்குப் பொறுமை கிடையாது. இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் அண்ணன் பர்கோஸ் வந்து சொல்லிவிடுவான். ஊற்றடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு முறை வரும்வரை நிற்கக்கூட எனக்குக் கால் தரிக்காது. அப்படிப்பட்டவளை, "பஸ்காப் பண்டிகை வரைக்கும் பொறு" என்று ஒரு மழைக்காலம் முழுக்க இருத்தி வைத்தார்கள்.

காரணம் அப்தி. அவன் சீதோன்காரன். தேவாலயத்துக்குக் கேதுரு மரம் கொண்டுவந்த கூட்டத்தோடு வந்தான். கூட்டம் திரும்பிப் போனபோது அவன் போகவில்லை. அவனுடைய முழுப் பெயரில் அவர்கள் ஊர்த் தெய்வத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆலய மேட்டுக்குக் கீழே எங்கள் ஓபேல் தெருவில் அதை நறுக்கிவிட்டு அப்தி என்று மட்டும் கூப்பிட்டார்கள். ஆசாரியர்கள் பலிபீடத்துச் சாம்பலை வெளியே கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்தக் குவியலைக் கூடையில் அள்ளிப் பள்ளத்தாக்குக்குச் சுமப்பது அவன் வேலை. எந்நேரமும் புருவத்தில் சாம்பல் இருக்கும். அதிகம் பேசமாட்டான். நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறேனே.

நாங்கள் மட்டும் என்ன பெரிய ஆட்களா? நாங்கள் நிதனீமியர். தலைமுறை தலைமுறையாக ஆலயத்துக்கு விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் என்று கொடுக்கப்பட்டவர்கள். யோசுவா படையெடுத்து வந்த காலத்தில், பக்கத்து ஊர்க்காரர்களாக இருந்த எங்கள் முன்னோர் பூசணம் பிடித்த ரொட்டியைக் காட்டி, தூர தேசத்திலிருந்து வருகிறோம் என்று பொய் சொல்லி உயிர் பிழைத்தார்கள். குட்டு வெளிப்பட்டதும் உயிரை விட்டுவைத்து வேலையைத் தலையில் கட்டினார்கள். அந்த ரொட்டியை இன்னும் ஒருவரும் மறக்கவில்லை. ஆலயக் காவல் பார்க்கும் வாசல்காரர்களுக்குக் கோபம் வந்தால் எங்களைப் பூசண ரொட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனாலும் எல்லாரையும் போல நாங்களும், ஜனம் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான இரவை நினைத்து, பஸ்கா ஆட்டுக்குட்டியை வீட்டில் வைத்துச் சாப்பிடுகிறவர்கள். அண்ணனுக்கு அந்த ஒரு பெருமை போதும். அதையும் யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்திலேயே அவனுக்குத் தலை நரைத்துவிட்டது.

என் புருஷன் காய்ச்சலில் போய் ஆறு வருஷமாகிறது. பிள்ளை இல்லை. அப்தி என்னைக் கேட்டு வந்தபோது அண்ணன் விறகைப் பிளந்துகொண்டிருந்தான். கோடரியைக் கீழே வைக்காமலே பேசினான்.

"ஊர்ல இப்பத்தான் அந்நிய தேசத்துப் பொண்டாட்டிங்களை எல்லாம் அனுப்பிவிட்டு ஓஞ்சிருக்காங்க. இந்த நேரத்துல சீதோன்காரனுக்குத் தங்கச்சியைக் குடுத்தா, நான் நிக்கிற வாசப்படியையும் சேர்த்துல்ல புடுங்குவாங்க?"

"நான் உங்க தேவனோட ஆளாத்தானே இருக்கேன் அண்ணே" என்றான் அப்தி.

"நீ சொன்னா ஆச்சா? முறைப்படி ஆகு. விருத்தசேதனம் பண்ணிக்க. பஸ்காவுல எங்க வீட்டு ஆட்டை எங்ககூட உக்காந்து சாப்பிடு. நாலு பேர் பாக்கட்டும். மறுநாளே கல்யாணம். இல்லேன்னா அவளுக்குக் கேரோஸ்தான்."

கேரோஸ் எங்கள் விறகுக்காரர்களில் மூத்தவர். இரண்டு பெண்டாட்டிகளைப் புதைத்தவர். முன்பல் விழுந்து, பேசினால் பாதி காற்றுதான் வரும். நல்ல மனிதர் என்று அண்ணன் சொல்வான். இருக்கட்டும், நல்ல மனிதர்கள் எல்லாரையும் நான் கட்டிக்கொள்ள முடியுமா?

நாற்பது வயதில் அப்தி முன்தோலை நறுக்கக் கத்திக்குக் கீழே படுத்தான். மழைக்காலத்தில் கால் இரண்டையும் அகட்டி வைத்து அவன் தெருவில் நடந்ததைப் பார்த்து ஊற்றடிப் பெண்கள் குடத்தில் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து அழுதேன். எனக்காக ஒருவன் இப்படி நடப்பான் என்று நான் நினைத்ததே இல்லை.

பஸ்கா நெருங்கியது. எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்து முற்றத்தில் கட்டினோம். அண்ணன் தலைகளை எண்ணினான்: அவன், மதினி, பிள்ளைகள், நான். கொஞ்சம் நிறுத்தி, "அப்தி" என்றும் சொன்னான். அந்தப் பெயர் அவன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எனக்கு அன்றைக்குச் சந்தோஷத்தில் சாப்பாடே இறங்கவில்லை.

மறுநாள் உச்சிப் பொழுதில் அது நடந்தது.

ஊற்றிலிருந்து தண்ணீர் வாசலுக்கு ஏறும் பாதை குறுகலானது. பண்டிகைக்கு வந்த ஜனமும் ஆடுகளுமாக நெரிந்தது. நான் நிறைகுடத்தோடு பாதி ஏறியிருந்தேன். மேலே ஓர் ஐயோ கேட்டது. கூட்டம் அப்படியே பின்வாங்கி என்மேல் சாய்ந்தது. லோது ஊரிலிருந்து ஒற்றைக் கழுதையோடு தனியாக வந்த ஒரு கிழவர் பாதையின் குறுக்கே விழுந்து கிடந்தார். உயிர் போய்விட்டிருந்தது. ஒருவரும் கிட்டே போகவில்லை. பிணத்தைத் தொட்டால் ஏழு நாள் தீட்டு, பஸ்கா போய்விடும். அதற்காகத்தானே எல்லாரும் அத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறார்கள்?

வெயில் கொளுத்தியது. ஈ மொய்க்க ஆரம்பித்தது. வாசல்காரன் தல்மோன், ஆலயப் பணிக்கென்றே பிறந்த குலத்து லேவியன், தூரத்தில் நின்று கோலை ஆட்டினான்.

"தொட்டுடாதீங்க! ஒதுங்குங்க! யாரப்பா அது, அந்தச் சாம்பல்காரனைக் கூப்பிடு. அவனுக்கு என்ன போச்சு?"

அப்தி கூடையை இறக்கிவிட்டு வந்தான். கூட்டத்தின் தலைகளுக்கு நடுவே அவன் முகம் தெரிந்தது. அவன் கேட்டதை நான் காதாரக் கேட்டேன்.

"ஐயா, இந்தப் பஸ்காவுக்கு நான் பர்கோஸ் அண்ணன் வீட்டு ஆட்டுல சேர்ந்திருக்கேன். இதைத் தொட்டா எனக்குத் தவறிடாதே?"

"உனக்கு ஏதுடா தீட்டு?" என்றான் தல்மோன். "சட்டம் எங்களுக்குல்ல குடுத்தது. நீ வெளியாளு. சாயங்காலம் ஒரு முழுக்குப் போடு, முடிஞ்சது. தூக்கு, தூக்கு, ஜனம் நிக்குது பார்."

"தொடாதே! யோவ், தொடாதே!" என்று கத்தினேன். குடம் தலையில் ஆடித் தண்ணீர் கழுத்து வழியாக இறங்கியது. முன்னால் ஒரு மந்தையே கத்திக்கொண்டு நின்றது. நான் அந்த ஆடுகளையும் ஆட்டுக்காரர்களையும் முழங்கையால் இடித்துத் தள்ளி மேலே வருவதற்குள், அப்தி அந்தக் கிழவரைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கிவிட்டான். கூட்டம் அவனுக்கு வழிவிட்டது. அவன் போனதும் எல்லாரும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு நடந்தார்கள்.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது. அண்ணன் முற்றத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"போச்சு. ஏழு நாள். பண்டிகை அதுக்குள்ள வந்து போயிடும். அவனை எண்ணிக்கையில இருந்து எடுத்துட்டேன்."

"வெளியாளுக்குத் தீட்டு இல்லேன்னு தல்மோன்தான் சொன்னான். நானே கேட்டேன் அண்ணே."

"அதைத் தல்மோன்கிட்டப் போய்க் கேளு. எங்கிட்டக் கேட்டா? நான் விறகு வெட்டறவன்."

கேட்கத்தான் போனேன். விடிந்தும் விடியாததுமாகத் தண்ணீர் வாசலுக்குப் போய் தல்மோன் முன்னால் குடத்தை டொம் என்று வைத்தேன்.

"ஐயா, அப்தி எங்க ஆட்டைச் சாப்பிடலாம்தானே?"

தல்மோன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பிணத்தைத் தூக்கினவன் எப்படிச் சாப்பிடுவான்? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"நேத்து அவனுக்குத் தீட்டே கிடையாதுன்னீங்களே?"

"அப்பப் பாதையில பிணம் கிடந்துச்சு."

"ஆக, வேலைன்னா அவன் வெளியாளு. கறின்னா அவன் தீட்டுக்காரன். அப்படித்தானே? பிணத்தைத் தூக்கையில சட்டம் எங்கே போயிருந்துச்சு, வெயிலுக்கு ஒதுங்கியிருந்துச்சா?"

பக்கத்தில் நின்ற இளம் லேவியர்கள் சிரித்துவிட்டார்கள். தல்மோனுக்கு முகம் சிவந்தது.

"ஏ பூசண ரொட்டி, வாயை அடக்கு. சரி, அவன் முறைப்படி விருத்தசேதனம் பண்ணினவன்தான், தீட்டு உண்டு, ஒத்துக்கறேன். தீட்டுப்பட்டவங்களுக்கு இருக்கவே இருக்கு ரெண்டாம் மாசத்துப் பஸ்கா. அப்பக் குட்டியைக் கொண்டாரட்டும்."

எனக்கு மூச்சு வந்தது. ஒரு மாதம்தானே? ஒரு மழைக்காலம் இருந்தவளுக்கு ஒரு மாதம் என்ன? குடத்தைத் தூக்கித் திரும்பினேன். தல்மோன் பின்னாலிருந்து சிரித்தான்.

"ஆனா ஒண்ணு. ஒரு வீட்டுக்கு ஒரு குட்டி. ஒத்தை ஆளு பேருல குட்டியைப் பலிக்கு நான் உள்ள விடமாட்டேன். கறியை வீட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, விடியறதுக்குள்ள தீரணும், ஒத்தை ஆளு எப்படித் தின்பான்? கூட யாரு உக்காருவா? சுத்தமா இருந்து முதல் மாசம் சாப்பிட்டவன் ரெண்டாவது தடவை சாப்பிட முடியாது, தெரியுமில்ல? போ, போய் ஆள் தேடு."

தேடினேன். ஓபேல் தெரு முழுக்கத் தேடினேன். பண்டிகைக்கு முன்னால் தீட்டோடு இருப்பவர்கள் யாராவது உண்டா என்று வீடு வீடாகப் போய்க் கேட்பது எவ்வளவு அழகான விசாரிப்பு என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். "உங்க வீட்டுல யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டேன் என்று ஒருத்தி விளக்குமாற்றோடு வந்தாள். ஒருவருமே இல்லை. ஊரே பூனை மாதிரிப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்துகொண்டிருந்தது.

அப்தி பள்ளத்தாக்கில் சாம்பல்மேட்டுப் பக்கம் ஒரு குடிசையில் இருந்தான். தீட்டு தீரும்வரை தெருவுக்குள் வரக்கூடாது. நான் எட்டத்தில் ஒரு பாறைமேல் நின்று பேசினேன்.

"ஏன்யா தூக்கினே? நான் கத்தினது உன் காதுல விழலையா?"

"விழுந்துச்சு" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "விழுந்துச்சா! விழுந்துமா தூக்கினே?"

"உன் சத்தம் கேக்கறதுக்குள்ள அவரு தலையைத் தூக்கி என் கையில வெச்சுட்டேன் லெபானா. பாதியில எப்படிக் கீழ போடறது? கண்ணு திறந்திருந்துச்சு. ஈ உக்காருது."

கோபப்படக்கூட விடமாட்டேன் என்கிறானே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான்.

"அடுத்த வருஷம் வேற ஒரு பிணம் விழும். இல்லேன்னா உன் பேரு சரியில்லேம்பான், உன் பாட்டன் பேரு சரியில்லேம்பான். அதுக்குள்ள கேரோஸ் வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிருவாரு, நான் அவரு வாயில வர்ற காத்தை எண்ணிட்டு உக்காந்திருப்பேன்."

அவன் சிரிக்கவில்லை. சாம்பலைக் காலால் கிளறிக்கொண்டே இருந்தான். "நான் எண்ணிக்கையில வந்ததே இல்ல" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னான். "ஒரு ராத்திரி வந்தேன். பர்கோஸ் அண்ணன் என் பேரைச் சொன்னாராமே. அது போதும்னு வெச்சுக்கறேன்."

எனக்குப் போதவில்லை. வீட்டுக்கு வந்தால் கேரோஸ் உட்கார்ந்திருந்தார். மடியில் அத்திப்பழ அடை. அண்ணன் என் கண்ணைப் பார்க்காமல் ஆட்டுக்குட்டிக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான். அன்று இரவு மழை பெய்தது. படுத்தேன், எழுந்தேன், கதவைத் திறந்தேன், மூடினேன். "ஏ, ஒண்ணு படு, இல்ல போ" என்றாள் மதினி.

விடிந்ததும் போனேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் அது. கீதரோன் பள்ளத்தாக்கைத் தாண்டிப் பரதேசிகளைப் புதைக்கும் சரிவு இருக்கிறது. கல்லறையைத் தொட்டாலும் அதே ஏழு நாள் தீட்டுதான். வெளியூர்க்காரர்கள் தெரியாமல் மிதித்துவிடக் கூடாது என்று பண்டிகைக்கு முன் கல்லறைகளுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள். லோதுக் கிழவரின் குழியை அப்திதான் தோண்டியிருந்தான், கல் அடுக்கியிருந்தான். மழையில் சுண்ணாம்பு கரைந்திருக்கும் என்று காலையிலேயே வந்து மறுபடியும் அடித்துவிட்டு, வாளியோடு அடுத்த கல்லறைக்கு நகர்ந்திருந்தான். நான் நேராக வருவதைப் பார்த்து நிமிர்ந்தான்.

"அங்கேயே நில்லு! கல்லறை இருக்கு, தெரியலையா?"

"நல்லாத் தெரியுது. அதுக்குத்தானே வெள்ளை அடிச்சிருக்கே."

எனக்குப் பின்னால் மூச்சிரைக்க அண்ணன் ஓடிவந்துகொண்டிருந்தான். மதினி சொல்லியிருப்பாள். சுத்தமான ஆள் நிற்கவேண்டிய எல்லைக் கல்லோடு கால் கட்டிப்போட்டதுபோல நின்றுவிட்டான்.

"ஏ லெபானா! வேணாம்! உன் பங்கு ஆட்டுல இருக்கு புள்ள, நாளைக்குப் பண்டிகை!"

"என் பங்கை மதினிக்குப் போடு அண்ணே. அவ இளைச்சுப் போயிருக்கா."

"உனக்கென்ன பைத்தியமா?" என்று அப்தி கத்தினான். அவன் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "வருஷத்துக்கு ஒரு தடவை வர்றது! உங்க அப்பன் பாட்டன் உக்காந்த பந்தி! என்னால அதை நீ விடக்கூடாது!"

"ஒத்தை ஆளுக்குக் குட்டி கிடையாதாம். ரெண்டு பேரு வேணுமாம்."

சொல்லிவிட்டுக் குனிந்து, கிழவரின் கல்லறை மேல் உள்ளங்கையை வைத்தேன். கல் குளிர்ந்து கிடந்தது. பயமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் விட்டதில்லை அந்தப் பந்தியை. சின்னப் பிள்ளையாக அப்பன் மடியில் உட்கார்ந்து நெருப்பில் வாட்டிய கறியைக் கடித்தது, புருஷன் செத்த வருஷம் அழுதுகொண்டே தின்றது, எல்லாம் கண்முன் வந்து நின்றது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. எடுத்தபோது அது மணிக்கட்டு வரைக்கும் வெள்ளையாக இருந்தது.

அண்ணன் எல்லைக் கல்லில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டான். அப்தி வாளியைக் கீழே வைத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான், தோள் மட்டும் குலுங்கியது.

பிறகு நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். குடிசையில் தங்க வேண்டும் என்று மாற்றுத் துணி கேட்டுத் தெருமுனை வரை போனேன். பண்டிகைக் கூட்டம். வெள்ளைக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தீட்டு, தீட்டு" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். என் வாழ்நாளில் முதல் முறையாக அந்த ஏறு பாதை எனக்கு வழிவிட்டது. பெரிய பெரிய வீட்டு ஆண்களெல்லாம் அங்கியைச் சுருட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டினார்கள். தண்ணீர் வாசலில் தல்மோன் என் கையைப் பார்த்தான், கோலை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றான்.

பண்டிகை வந்தது, எங்களைத் தாண்டிப் போனது. சாம்பல்மேட்டில் அப்தியின் குடிசையை நான் எடுத்துக்கொண்டேன். அவன் வெளியே பாறைக்கடியில் படுத்தான். ஊர் முழுக்கப் பாடினார்கள். நான் காய்ந்த ரொட்டியைக் கடித்தேன். வருத்தம் இருந்தது. மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

ஏழு நாள் தீட்டு தீர்க்கச் சாம்பல்நீர், அதாவது எரித்த கிடாரியின் சாம்பல் கலந்த நீர், தெளிக்க வேண்டும். சுத்தமான ஓர் ஆண் வந்து ஈசோப்புச் செடிக் கொத்தை அதில் நனைத்துத் தெளிப்பான். தெளிக்கிறவனுக்குச் சாயங்காலம் வரை தீட்டு ஒட்டும், அதனால் வேண்டா வெறுப்பாகத்தான் வருவார்கள். எங்களுக்கு வந்தவன் அண்ணன். கொத்தை நனைத்து, கன்னத்தில் அறைவதுபோல என் முகத்தில் அடித்தான். அப்திக்கும் அதே மாதிரி ஒன்று.

"சுத்தம்" என்றான். பிறகு உட்கார்ந்துகொண்டான். "இப்ப என்ன பண்றதா உத்தேசம்? ரெண்டாம் மாசம் நீயும் இவனும் ஒரு வீட்டுல ராத்திரி உக்காந்து ஆட்டைச் சாப்பிடுவீங்க. இவன் யாரு உனக்கு? ஊரு கைகொட்டிச் சிரிக்காது?"

"சிரிக்கும்" என்றேன்.

"வாசல்ல எந்த வீட்டுக் குட்டின்னு கேப்பான். சீதோன்காரன் ஒருத்தன், விதவை ஒருத்தி. இது ஒரு வீடா?"

"இல்லதான்."

"அப்ப?"

நான் பேசாமல் இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அண்ணனுக்குத் தெரியும். அவன் என்னைப் பார்த்தான், அப்தியைப் பார்த்தான், சட்டென்று விஷயம் விளங்கி வாயைப் பிளந்தான்.

"அடிப் பாவி! பஸ்கா முடிஞ்சுதான் கல்யாணம்னு சொன்னேன் நான்!"

"கல்யாணம் முடிஞ்சாத்தான் பஸ்காங்கறான் தல்மோன். நான் என்ன அண்ணே பண்ணட்டும்?"

அண்ணன் கொஞ்ச நேரம் பெரிதாகத் திட்டினான். என்னை, தல்மோனை, லோதுவிலிருந்து வந்து சாக வேறு இடம் கிடைக்காத கிழவரை, பூசணம் பிடித்த ரொட்டியைச் சுமந்துவந்த முன்னோரை, எல்லாரையும். திட்டி முடித்ததும் அப்தியிடம் திரும்பினான். "நாளைக்கே ஒரு வீடு பாரு மாப்பிள்ளை. இந்தக் குடிசைக்கெல்லாம் நான் பொண்ணு அனுப்பமாட்டேன்." மாப்பிள்ளை என்று அவன் சொன்னதை அவனே கவனிக்கவில்லை.

கல்யாணம் முடிந்தது. இரண்டாம் மாதத்தில் அந்த நாள் வந்தபோது தெருவில் ஒருவருக்கும் பண்டிகை இல்லை. பக்கத்து வீட்டில் மீன் பொரித்தார்கள். அப்தி ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான், நான் பின்னால். ஆலய வாசலில் அன்று தல்மோனின் முறை. விடுவானா?

"வேணும்னே போய்க் கல்லறையைத் தொட்டவளுக்கு எப்படி அனுமதி?" என்று ஆரம்பித்தான்.

"தொட்டேனா இல்லையான்னுதான் சட்டம் கேக்குது ஐயா. ஏன் தொட்டேன்னு கேக்கலையே."

அவன் அப்திப் பக்கம் திரும்பினான். "எந்த வீட்டுக் குட்டி?"

அப்தி நின்றான். எத்தனை வருஷமாகச் சாம்பல் கூடையோடு அந்த வாசலுக்கு வெளியே நின்றவன். யாரும் அவனிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை. நெற்றியில் வேர்வை பூத்தது. எனக்கு வாய் துறுதுறுத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எங்க வீட்டுது" என்றான்.

தல்மோன் பல்லுக்குள் ஏதோ முணுமுணுத்தான். பூசண ரொட்டி என்றுதான் இருக்கும். ஆனால் கோலை விலக்கிக்கொண்டான்.

அன்று இரவு எங்கள் ஒற்றை அறையில் கறியை வாட்டி வைத்தேன். புளிப்பில்லாத அப்பம் சுட்டிருந்தேன். கூட வைக்கவேண்டிய கசப்புக் கீரை மட்டும் மறந்துவிட்டது. அவசரக்காரி என்றால் இப்படித்தான். அண்ணன் மடி நிறையக் கசப்புக் கீரை பறித்துக்கொண்டு வந்து படியில் வைத்தான். ஏற்கெனவே தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டவன், எங்களோடு உட்கார முடியாது.

"மாப்பிள்ளை, கீரை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் அதை அலசித் தட்டில் வைத்தேன். அப்தி அப்பத்தில் ஒரு துண்டுக் கறியை வைத்து வாயில் போட்டான். மெதுவாக மென்றான். மெல்ல மெல்லக் கண் கலங்கி வழிந்தது. புறங்கையால் துடைத்தான், மறுபடியும் வழிந்தது.

"என்ன?" என்றேன்.

"உங்க ஊர்க் கீரை ரொம்பக் கசக்குது" என்றான்.

கீரையை அவன் இன்னும் தொடவே இல்லை.